கிரகணத்துக்கு வெட்டிய படம்

தமயந்தி பேசாமல் வந்து நின்றாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் பிடித்தது.

பொங்கல் லீவுக்கு நெய்வேலியில் என் தம்பியின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, பனி இன்னும் விலகவில்லை. காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே தமயந்தியும் அவள் கணவர் குணசேகரனும் நிற்கிறார்கள். அவர் கையில் பெரிய பிளாஸ்டிக் உறை. ஸ்கேன் படம் வைக்கிற உறையை நான் தெருக்கோடியிலிருந்தே அடையாளம் கண்டுவிடுவேன். இத்தனை வருஷமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தமயந்தியும் நானும் டவுன்ஷிப் பள்ளியில் ஒரே பெஞ்ச். எங்கள் குடும்பம் சங்கரன்கோவில் பக்கமிருந்து அனல்மின் நிலைய வேலைக்காக வந்தது. அவள் உள்ளூர்க்காரி. சுரங்கத்துக்கு நிலம் போனதில் அவள் அப்பாவுக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்து, டவுன்ஷிப்புக்குக் குடிவந்தவர்கள். வகுப்பில் பேசியதற்காக அவளைப் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். அங்கே நின்றுகொண்டும் பேசுவாள்.

நான் ஊருக்கு வந்தால் போதும், கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். எப்ப வந்தே, ஏன் இப்படி இளைச்சிப் போயிட்டே, உன் தம்பி பொண்டாட்டி சோறு போடறாளா இல்லியா என்று எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி விசாரிப்பாள். அன்றைக்குக் கையை மட்டும் உயர்த்தினாள். சிரித்தாள். வாய் திறக்கவில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் குணசேகரன்தான் சொன்னார்.

"பேசிக்கினே இருந்தவ பாதியில நின்னுட்டா டாக்டரம்மா. வாய் அசையுது, வார்த்த வரல."

நடந்தது சில வாரத்துக்கு முன்னால், கன்ட்ரோல் ரூமில். தமயந்திக்கு அங்கேதான் வேலை. சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் சுமந்து போகிற கன்வேயர் பெல்ட் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓடும். நின்ற பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் விலகச் சொல்லி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை கொடுப்பது அவள் பொறுப்பு. அவள் குரல் கேட்டால் அந்த ஷிப்டில் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு ஒதுங்குவார்கள். அன்றைக்கு "பெல்ட் பக்கத்துல இருக்கறவங்க" என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. மற்றவர்கள் பேசுவது காதில் விழுகிறது, புரிகிறது, பதில் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் உடனே ஓட்டுவதை நிறுத்திவைத்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. அது வலிப்பு. கைகால் உதறினால்தான் வலிப்பு என்று நினைக்கிறோம். இப்படியும் வரும்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளையின் இடது பக்கத்தில், பேச்சுக்கான பகுதியை ஒட்டி, ஏதோ இருந்தது. மெதுவாக வளர்கிற கட்டியாக இருக்கலாம், எடுத்துவிடுவது நல்லது என்று அறுவை சிகிச்சை நிபுணர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அட்மிட் ஆக வேண்டும். கட்டி இருக்கிற இடம் அப்படி என்பதால், ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சில் குறை வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தமயந்தி அதற்கும் முன்னாலேயே பேச்சை நிறுத்திவிட்டாள். பேசும்போது வந்ததால், பேசினால் மறுபடி வரும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கேட்டால் தலையாட்டுவாள், மிஞ்சினால் உம் என்பாள். வீட்டில் டி.வி. சத்தம் மட்டும்தான் கேட்கிறது என்றார் குணசேகரன். அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஜன்னல் வெளிச்சம்

என் தம்பி வீட்டு ஹாலில் கிழக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் உண்டு. வருஷா வருஷம் பொங்கலுக்கு அதுதான் என் கிளினிக். முதுகுவலிக்காரர்கள், தலைசுற்றல்காரர்கள், மாமனாரின் பழைய பக்கவாதத்தைக் கொண்டுவருகிறவர்கள் என்று பிளாக் முழுக்க உறையோடு வரும். கரும்பு தின்ன நேரமிருக்காது. ஆனால் நேரில் வருகிறவர்கள் தேவலை. ஸ்கேன் பிலிமை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாதி மூளையில் மின்விசிறியின் நிழல் விழுந்திருக்கும். மீதியில் அவர்கள் கட்டைவிரல்.

இந்தத் தொடரில் என் வேலையைப் பற்றி எழுதியதும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: மெஷினே எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதே, அப்புறம் நீங்கள் எதற்கு? கோபம் வரவில்லை. இதையே என் அம்மா இன்னும் காரமாகக் கேட்டிருக்கிறாள். "ஏட்டி, ஊசி போட மாட்ட, மருந்து எழுத மாட்ட, நாடி பிடிக்க மாட்ட. பொறவு என்ன டாக்டரு நீ?"

அம்மாவுக்கு நான் பிரசவ டாக்டராக வேண்டும் என்று ஆசை. மேற்படிப்புக்கு எனக்குக் கிடைத்தது ரேடியாலஜி. பெரிய லட்சியம் எல்லாம் ஒன்றுமில்லை, என் மார்க்குக்கு அந்த இடம்தான் இருந்தது. சேர்ந்த பிறகு பிடித்துப்போனது. மூளைப் படம் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய், மொழி தெரியாமல், சப்பாத்தி தின்று அதையும் படித்தேன். பிறகு ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, இப்போது பேராசிரியர்.

அப்பாவுக்கு மட்டும் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் பாய்லர் பிரிவில் இருந்தவர். எரிகிற பாய்லருக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. வெளியே நின்று மீட்டரையும் புகையின் நிறத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே எங்கே கோளாறு என்று சொல்ல வேண்டும். "எம் மக அதத்தான் மண்டைக்குப் பாக்கா" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சமாதானமாகவில்லை. இருந்தாலும் சொந்தக்காரர்களிடம் அந்த விளக்கத்தையே சொல்ல ஆரம்பித்தாள்.

எதிரில் நிற்கிற ஆள்

புதிதாகச் சேருகிற மாணவர்களுக்கு முதல் நாள் நான் ஒன்றைத்தான் சொல்வேன். படத்தில் இருப்பவர் உங்கள் எதிரில், உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடது கைப்பக்கம் இருப்பது அவருடைய வலது. கேட்டால் சின்ன விஷயம். இதில் தடுமாறினால் ஒருவருக்கு நல்ல பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். அதனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லும் வரை விடமாட்டேன். எனக்குத் துறையில் கெட்ட பெயர் உண்டு, அதில் ஒரு பங்கு இதனால் வந்தது.

இரண்டாவதாகச் சொல்லிக்கொடுப்பது ஒரு கேள்வி. பழைய படம் இருக்கிறதா?

மூளைக்குள் ஒரு நிழல் தெரிகிறது. அது நேற்று வந்ததா, பிறக்கும்போதே இருந்ததா என்று அந்த ஒரு படத்தைப் பார்த்து எப்போதும் சொல்லிவிட முடியாது. எங்கள் துறையில் இப்போது ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. சந்தேகமான இடத்தைச் சுற்றி அதுவே சிவப்பு வட்டம் போட்டுவிடும். நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது யார் வீட்டுப் பீரோவையும் திறந்து பார்க்கச் சொல்லாது. நாங்கள் சொல்லுவோம். போன் போட்டுத் தொல்லை கொடுப்போம். பழைய படம் வந்து தீர்ப்பு மாறிப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், இரண்டு திசையிலும்.

தமயந்தியின் எம்.ஆர்.ஐ.யை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு நிழல். சுற்றிலும் வீக்கம் இல்லை. சாயம் ஏற்றி எடுத்த படத்திலும் பளிச்சிடவில்லை. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, சுண்ணாம்பு படிந்திருக்கலாம். மெதுவாக வளர்கிற கட்டியும் இப்படித்தான் இருக்கும். கருவிலேயே கொஞ்சம் இடம் மாறி அமைந்து, அப்படியே கிடக்கிற மூளைத் திசுவும் இப்படித்தான் இருக்கும். முதலாவது என்றால் எடுக்க வேண்டும். இரண்டாவது என்றால் மாத்திரை போதும், கத்தி வேண்டாம், பேச்சுக்கு ஆபத்து வேண்டாம். அந்த டாக்டர் சொன்னதில் தப்பே இல்லை. இந்த ஒரு படம் மட்டும் கையில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதனால் கேட்டேன். தமயந்திக்கு இதற்கு முன் எப்போதாவது தலையில் ஸ்கேன் எடுத்தீர்களா?

தமயந்தி உடனே ஆமென்று தலையாட்டினாள். பல வருஷத்துக்கு முன்னால் பஜார் பக்கம் மாடு குறுக்கே வந்து ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாளே, அப்போது எடுத்தது. ரத்தக்கட்டு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கைஜாடையில் பீரோ என்று காட்டினாள். குணசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உயிர் வந்தது. போய் எடுத்து வாருங்கள் என்றேன். அவர் எழுந்தார், வாசல் வரை போனார், என்னையும் வெளியே வரும்படி கண்ணைக் காட்டினார்.

கண்ணுக்கு ஒரு மண்டை

முருங்கை மரத்தடியில் நின்று குணசேகரன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

சில வருஷத்துக்கு முன் மார்கழியில் ஒரு காலை சூரிய கிரகணம் வந்தது நினைவிருக்கும். டவுன்ஷிப்பில் அன்றைக்குத் திருவிழா. எல்லோரும் மைதானத்தில் கூடிவிட்டார்கள், பார்க்கக் கண்ணாடிதான் இல்லை. குணசேகரன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கையில் ஒரு வேலை இல்லாவிட்டால் கை நமைக்கிற மனிதர். வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்தார். தமயந்தி அப்போது ஷிப்டில் இருந்தாள்.

சி.டி. ஸ்கேன் பிலிம் என்பது ஒரே பெரிய தாள். அதில் மண்டையை அடியிலிருந்து உச்சி வரை அடுக்கடுக்காக எடுத்த சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். குணசேகரன் அதைக் கத்தரியால் அழகாக, ஒரு துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம் வருகிற மாதிரி வெட்டினார். கண்ணுக்கு ஒரு மண்டை என்று கணக்கு. அட்டை பிரேம் வேறு போட்டார். பிளாக்கில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தமயந்தியின் மூளை வழியாக ஊரே சூரியனைப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே பிலிம், ஸ்கேன் பிலிம் எது வழியாகவும் சூரியனைப் பார்க்காதீர்கள். கண் போய்விடும். இதை நான் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். என் தம்பி வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இப்படி ஒரு கூத்து நடந்திருக்கிறது.

புதுச்சேரி டாக்டரும் பழைய படம் கேட்டாரா என்று கேட்டேன். கேட்டாராம். இவர்தான் இல்லை என்று சொல்லிவிட்டாராம். பக்கத்தில் தமயந்தி இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாராம். "எப்டிங்க சொல்றது? பொண்டாட்டி தலைய வெட்டி ஊருக்குப் பங்கு போட்டுட்டேன்னா?"

படம் எடுத்த சென்டரைக் கேட்கலாம் என்றால், அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கம்ப்யூட்டர் பிரதி எல்லாம் போன இடம் தெரியாது.

ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தி என்ன பிரயோஜனம்? யார் யாருக்குக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா என்றேன். போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

பிளாக் முழுக்க

டவுன்ஷிப்பில் எதையும் தூக்கிப் போடமாட்டார்கள், அது ஒரு நல்ல குணம். வேறு ஊராக இருந்தால் அந்தத் துண்டுகள் குப்பைக்குப் போயிருக்கும்.

முதல் துண்டு எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. தம்பி மகளின் ஜியோமெட்ரி பாக்ஸில், ஸ்கேலுக்கு அடியில். எதிர்வீட்டுக்காரர் தன் ஷிப்ட் பாஸ் உறைக்குள் விறைப்பாக நிற்பதற்காகச் செருகிவைத்திருந்தார். ஒரு வீட்டில் குளியலறை ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டியிருந்தார்கள், அதை உரிக்க வெந்நீர் தேவைப்பட்டது. இன்னொரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. கிரகணம் பார்த்த வஸ்து, வெளியே போட மனசு வரவில்லை என்றார்கள்.

குணசேகரன் வாங்கி வந்து வந்து என்னிடம் கொடுத்தார். நான் ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொன்றையும் ஜன்னலில் செல்லோ டேப்பால் ஒட்டினேன். அடியில் மூக்கும் கண்குழியும் தெரிகிற படம், அதற்கு மேல் காது மட்டம், கடைசியில் உச்சி மண்டை. வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் மூளைப் படம் பார்த்திருக்கிறேன். ஒரு மூளையைக் கோலப்புள்ளி மாதிரி வரிசை பிடித்து ஒட்டியது அன்றைக்குத்தான்.

தமயந்தி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது துண்டு வந்தபோதே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. துண்டுகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய தமயந்தியாக இருந்தால் மந்தாரக்குப்பம் வரை கேட்டிருக்கும்.

குணசேகரன் என் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். "திட்டிட்டாக்கூடப் பரவால்லீங்க" என்றார் மெதுவாக. "இப்பிடிப் பாத்துக்கினே இருக்காளே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒட்டி முடித்துப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, நடுவில் ஒரு துண்டு மட்டும் இல்லை. காது மட்டத்துக்குச் சற்று மேலே. எம்.ஆர்.ஐ.யில் நிழல் இருந்த அதே மட்டம். கீழ்ப் படத்திலும் மேல் படத்திலும் எனக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு துண்டுதான்.

குணசேகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கூட வேலை பார்க்கிற முருகையன் ஒன்று வாங்கிக்கொண்டான் என்றார். முருகையன் பொங்கலுக்கு நெல்லிக்குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தார். போன் போட்டதும் எடுத்தார், பின்னால் சர்க்கரை ஆலை லாரி ஹாரன். இருக்கிறதே என்றார். பின்பக்க வராந்தாவில், பெயின்ட் டப்பாக்களோடு. சாவி பக்கத்து வீட்டில்.

குணசேகரன் சைக்கிளில் போனார். திரும்பி வந்தபோது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

துண்டு இருந்தது. முருகையன் அதை ஸ்டென்சில் ஆக்கியிருந்தார். ஹெல்மெட்டிலும் டூல் பாக்ஸிலும் தன் எண்ணை ஒரே அளவாக எழுதுவதற்கு பிளேடால் 4 என்று வெட்டியிருந்தார். ஓரமெல்லாம் மஞ்சள் பெயின்ட். அதிலிருந்த இரண்டு படங்களில் எனக்கு வேண்டியது எதுவோ, சரியாக அதில்தான் ஓட்டை. படத்தின் இடது பாதி முழுக்கப் போயிருந்தது.

"எடது பக்கமே போயிடிச்சிங்க" என்றார் குணசேகரன். ரிப்போர்ட்டில் இடது என்று போட்டிருப்பதை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். தமயந்தி எதிரில் அழக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

நான் அந்தத் துண்டை வாங்கி, மூலையில் இருந்த எழுத்துகள் நேராகத் தெரிகிறதா என்று பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். எத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்குப்போல ஒருநாளும் அதைச் சொல்ல நான் ஆசைப்பட்டதில்லை.

"குணசேகரன், இங்க திரும்புங்க. படத்துல இருக்கறது உங்க எதிர்ல நிக்கிற தமயந்தி. நமக்கு இடது, அவளுக்கு வலது. முருகையன் வெட்டினது அவளோட வலது பக்கத்தை."

அவருக்கு உடனே புரியவில்லை. தமயந்தியை எழுப்பி அவர் எதிரில் நிறுத்தி, அவள் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

இடது பக்கம் அப்படியே இருந்தது. அங்கே, காதுக்குச் சற்று மேலே, ஒரு வெள்ளைப் புள்ளி. எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாக இருந்த அதே சுண்ணாம்பு சி.டி.யில் வெள்ளையாகத் தெரியும். அதைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல். ஸ்கூட்டியிலிருந்து விழுந்த அன்றைக்கே, ஏன், அதற்கும் எவ்வளவோ முன்னாலேயே அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு ரத்தக்கட்டை மட்டும் தேடியவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இருக்கிறது என்பது போதாது. வளர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். சி.டி. படத்தின் வலது ஓரத்தில் ஏணிப்படி மாதிரி சின்னக் கோடுகள் இருக்கும், அது அளவுகோல். நல்லவேளை, அதுவும் தப்பியிருந்தது. ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து டிவைடரை எடுத்து நிழலின் இரண்டு ஓரத்திலும் ஊன்றினேன், பிறகு அளவுகோலில் வைத்தேன். எம்.ஆர்.ஐ.யிலும் அப்படியே செய்தேன். ஒரு தடவை அளந்ததில் நம்பிக்கை வராமல் மறுபடி செய்தேன். பிறகு டிவைடரைத் தம்பியிடம் கொடுத்து, இரண்டையும் அவனை அளக்கச் சொன்னேன். சி.டி.யில் ஓரங்கள் அத்தனை துல்லியமாகத் தெரியாது, முடியளவு வித்தியாசம் வரலாம். வளர்கிற சாமானாக இருந்தால் இத்தனை வருஷத்தில் வித்தியாசம் அளந்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. அளவு மாறவே இல்லை.

புதுச்சேரி டாக்டருக்குப் போன் செய்தேன். அவரும் பொங்கலுக்குச் சொந்த ஊரில் இருந்தார். துண்டை ஜன்னலில் ஒட்டி, மின்விசிறி நிழல் விழாமல் ஒழுங்காகப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு, பழைய படமே இல்லை என்று சொன்னார்களே மேடம் என்றார். அது பெரிய கதை என்றேன். நடுவில் என்ன, 4 என்று போட்டிருக்கிறது என்றார். அது அதைவிடப் பெரிய கதை என்றேன். ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம், மாத்திரை தொடரட்டும், ஆறு மாதத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். பின்னால் அவர்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூடிப் பேசியும் அதையே முடிவு செய்தார்கள். நான் ஒட்டிய அந்தத் துண்டுகளை இப்போது எங்கள் கல்லூரியில் வகுப்பெடுக்க வைத்திருக்கிறேன், தமயந்தியின் அனுமதியோடு. பழைய படம் ஏன் முக்கியம் என்பதற்கும், இடது வலதுக்கும் அது ஒன்றே போதும்.

இதை எழுதுகிற வாரம் வரை அவளுக்கு மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாகிவிட்டது. மாற்றம் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறாள், வலிப்பு வரவில்லை. டாக்டர்கள் சரி என்ற பிறகு கன்ட்ரோல் ரூமுக்கும் திரும்பிவிட்டாள்.

அன்றைய காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போனை வைத்துவிட்டுத் தமயந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் ஆபரேஷன் இல்லை, அது ரொம்ப காலமாக உன்னோடேயே இருக்கிறது, உன்னை ஒன்றும் செய்யவில்லை, இனியும் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பேசலாமா?" என்றாள். அத்தனை வாரத்தில் அதுதான் அவள் பேசிய முழு வாக்கியம். குரல் கரகரவென்று வந்தது.

"நீ பேசினதால அது வரலடி. பேசறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தாராளமாப் பேசு."

செம்பிலிருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா, பட்டுப் பொடவைக்கு அடியில பத்திரமா வெச்சிருந்தேன். வூட்டுல வெட்டறதுக்கு வேற ஒண்ணுமே கெடக்கலியா உனக்கு? எந்தலதான் கெடச்சிதா? உங்கம்மா மூட்டு படம் பெருசு பெருசா அதே பீரோவுல கெடந்துதே, அத எடுத்தியா நீ? அத எடுக்க மாட்ட. அம்மா மூட்டுன்னா மூட்டு, எந்தலன்னா எளக்காரமா..."

நிற்கவில்லை. ஸ்கூட்டியில் விழுந்ததிலிருந்து கல்யாணத்தில் அவர்கள் வீட்டார் போட்ட சாம்பார் வரைக்கும் போய்வந்தது. முருகையனுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர் கேட் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். தம்பி மனைவி காபியோடு வந்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

குணசேகரன் ஜன்னல் ஓரச் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவள் ஒரு நொடி நிறுத்தினாள்.

"இன்னும் சொல்லு" என்றார்.